மேல்மாடியில் வகுப்பு வேண்டாம், சுவரில் சிமெண்ட் வேண்டாம்

கேள்வி: ராயபுரத்தில் நாங்கள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியின் பின்மதிலை ஒட்டி ஒரு பழைய மாடி வீடு, எங்கள் அறக்கட்டளைக்கு எழுதித் தரப்பட்டிருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. திண்ணை, ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். கீழே 18க்கு 22 அடியில் ஒரு கூடம், 11க்கு 18 அடியில் நான்கு அறைகள். மேலேயும் அதே அமைப்பு. மெட்ராஸ் டெரஸ் தளம். மொட்டைமாடி சுமார் 1,600 சதுர அடி. மழையில் ஒழுகுகிறது. கீழ்ச்சுவர் நாலடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. ஒப்பந்தக்காரர், "காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிடலாம், மொட்டைமாடியில் கம்பி வலை போட்டு இரண்டரை அங்குலம் கான்கிரீட் போட்டால் போதும்" என்கிறார். இன்னொருவர் இடிக்கச் சொல்கிறார். எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை 110 பிள்ளைகளைக் கீழேயும், மூன்று முதல் ஐந்து வரை 70 பேரை மேலேயும் வைக்க நினைக்கிறோம். பொங்கல் கழித்து ஆரம்பித்தால் ஜூனில் திறக்கலாமா? வீட்டின் இப்போதைய படங்களும், வாசலில் எடுத்த பழைய கல்யாணப் படம் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.
தாளாளர், ராயபுரம்

பதில்:

தாளாளர் அவர்களுக்கு வணக்கம்.

இடிக்க வேண்டாம். படங்களில் தெரிகிற சேதம் அத்தனையும் தண்ணீரால் வந்தது. சுவர் தூக்குக்குண்டு விலகியதாகவோ, அஸ்திவாரம் இறங்கிச் சாய்வாக வெடித்ததாகவோ எதிலும் தெரியவில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர் சொல்லும் இரண்டு வேலையுமே வீட்டைக் கெடுத்துவிடும். மேல்மாடி வகுப்பையும் ஒத்திவையுங்கள். ஜூன் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சுவர். கூடத்துப் படத்தை எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பட்டை அப்படியே இருக்கிறது. உப்பும் உதிர்தலும் அதற்கு மேலே, மூன்றடிக்கும் நாலடிக்கும் நடுவில் இருக்கின்றன. காரணம் அங்கேயே தெரிகிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாக வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் நிற்காது, அடைப்பு முடிகிற இடம் வரை ஏறிப் போய் அங்கே வெளியேறும். ஆறடிக்குப் பூசினால் ஏழடியில் உப்புப் பூக்கும். கூரை வரை பூசினால் ஈரம் உத்திரக் கட்டையின் நுனிக்குப் போய்ச் சேரும். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

ராயபுரத்தில் இன்னொன்றும் உண்டு. கடற்காற்றும் உவர் நிலத்தடி நீரும் சுவருக்குள் உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு கரையத் தொடங்கும், கீழே இறங்கினால் மறுபடி பளிங்காக உறையும். கடலோரத்தில் இரவுக்கும் பகலுக்கும் நடுவிலேயே இது நடக்கும். ஒவ்வொரு முறை உறையும்போதும் உப்பு செங்கல்லின் துளைகளைப் பிளக்கிறது. விரலால் தேய்த்தால் செங்கல் மாவாகக் கொட்டுவது இதனால்தான். பூச்சு எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு செங்கல்லை உரித்துக்கொண்டு விழும்.

ஆகவே வேலை ஈரத்தின் வாயிலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கல்யாணப் படத்தில் திண்ணைக்கு மூன்று படிகள். இப்போதைய படத்தில் ஒன்றரைதான். படி ஒன்று ஏழு அங்குலம் என்று வைத்தால் தெரு பத்து அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதன் விளைவு இது; வடசென்னையில் பல தெருக்களில் இந்த நிலைதான். அந்தப் பத்து அங்குல மண்ணும் உங்கள் சுவர்மேல் சாய்ந்து ஈரம் ஊட்டிக்கொண்டிருக்கிறது. தெருப் பக்கம் நீங்கள் தோண்ட முடியாது. மற்ற மூன்று பக்கமும் மனைக்குள்ளே, சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குப் பழைய தரைமட்டம் வரை மண்ணை எடுங்கள். அஸ்திவாரத்தின் அடிக்குக் கீழே ஒரு சாண்கூடப் போகக் கூடாது. சுவரிலிருந்து விலகும் சரிவில் துளையிட்ட 4 அங்குலக் குழாயைப் படுக்க வைத்து, சல்லடைத் துணி சுற்றி, 40 மி.மீ. கருங்கல் ஜல்லியால் நிரப்புங்கள். மேலே சிமெண்ட் தளம் போடாதீர்கள். ஜல்லி திறந்தே இருக்கட்டும். கூரைத் தண்ணீரும் சமையல் தண்ணீரும் இதில் கலக்கக் கூடாது. குழாய் போய்ச் சேரும் இடம் மழைநீர் வடிகாலைவிடத் தாழ்வாக இருந்தால் சிறு தொட்டியும் தானியங்கி மோட்டாரும் வேண்டும்.

வாசலில் தெருத் தண்ணீர் புகாமல் இருக்க, ரேழி நிலையின் இரு பக்கமும் பள்ளம் எடுத்து, மழைக்காலத்தில் மட்டும் சொருகிக்கொள்ளும் ஒன்றரை அடிப் பலகை ஒன்று செய்து வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சுவரில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு ஓர் அடி மேலேதான் எந்த ப்ளக் பாயிண்டும் வரவேண்டும்.

அடுத்தது பழைய சிமெண்டை எடுப்பது. உடைக்கும் மெஷின் வேண்டாம். அதன் அதிர்வில் காரை கட்டியிருக்கும் செங்கல்லும் தளர்ந்துவிடும். அகல உளியைச் சாய்த்துப் பிடித்துச் சிறு சுத்தியலால் எடுக்கச் சொல்லுங்கள். உப்புக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பூச்சு போகவேண்டும். மூட்டுகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அத்தனை உப்பும் மறுபடி உள்ளே போய்விடும். இந்த ஒரு தப்பினால் பாழான சுவர்கள் ஏராளம்.

பிறகு காய விடவேண்டும். பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். கனமான செங்கல் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் காயும். உங்களுடையது 18 அங்குலச் சுவர், இரு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அனல் ஊதும் மெஷின் வைத்து விரட்டாதீர்கள், உப்பு மொத்தமாக மேலே வந்து செங்கல்லை உடைக்கும்.

அத்தனை மாதம் காத்திருக்க முடியாத அறைகளுக்கு ஒரு வழி உண்டு. கீழ் ஐந்தரை அடிக்கு மட்டும் மென்மையான சுண்ணாம்புப் பூச்சு கொடுங்கள். அது உப்பைத் தான் வாங்கிக்கொண்டு உதிரும், செங்கல் பிழைக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் புதிதாகப் பூசவேண்டும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் எழுதி வையுங்கள், பிறகு யாரும் அதைப் பார்த்து "வேலை சரியில்லை" என்று மறுபடி சிமெண்டுக்குப் போகக் கூடாது.

பூச்சுக்குச் சுண்ணாம்பை நீர்த்துக் குறைந்தது 15 நாள் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். அவசரத்தில் பூசினால் நீறாத கட்டிகள் பின்னால் சுவரிலேயே வெடித்துப் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு, செங்கல் தூளான சுருக்கி ஒன்று. அரவையில் அரைத்தது நல்லது. முதல் பூச்சு 12 மி.மீ.; பத்து நாள் கழித்து இரண்டாவது 8 மி.மீ. ஈரச் சாக்கு கட்டி வெயில் படாமல் ஒரு வாரமாவது வைத்திருங்கள். கலவைக்கு போர் தண்ணீர் வேண்டாம். நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைச் சுவரில் பூசினால் உப்பை நாமே ஏற்றுகிறோம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கவேண்டும். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் பூசியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தரையிலும் அப்படியே: இருக்கும் கடப்பா கல்லை வைத்துக்கொள்ளுங்கள், மேலே வழவழப்பான டைல்ஸ் ஒட்டினால் தரை வழியாகப் போன ஈரமும் சுவருக்குத் திரும்பும்.

இனி மொட்டைமாடி. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் சன்னமான டெரஸ் செங்கல்லைக் குத்துவாக்கில், குறுக்குச் சாய்வில் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கட்டையால் அடித்து, தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓடு பரப்பிய தளம். வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், கட்டையோடு சேர்ந்து கொஞ்சம் வளையும். அதன்மேல் இரண்டரை அங்குலக் கான்கிரீட் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ ஏறும். 11க்கு 18 அடி அறை ஒன்றின் தலைமேல் 2.8 டன். போதாக்குறைக்கு, கான்கிரீட் வளையாது. முதல் கோடையிலேயே விரிசல் விட்டு, அதற்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையில் தங்கும். மேலே பார்த்தால் காய்ந்த தளம், உள்ளே ஊறிய மரம்.

ஏற்கெனவே மேலே எத்தனை அடுக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒரு மூலையில் ஒரு சதுர அடி தோண்டிப் பாருங்கள். பழைய தட்டோட்டின் மேல் சிமெண்ட், அதன்மேல் தார் ஷீட், அதன்மேல் மறுபடி சிமெண்ட் என்று இருப்பது சாதாரணம். அத்தனையையும் எடுத்துப் பழைய ஜல்லிக்காரைக்கு வரவேண்டும். எடுத்த கழிவை அறையின் நடுவில் குவிக்கவே கூடாது. அன்றன்றைக்குக் கூடையில் இறக்கவேண்டும். வேலை நடக்கும்போது தளம் விழுவது பெரும்பாலும் இந்தக் குவியலால்தான். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை இழுத்துப் பிடுங்காதீர்கள், சுவரும் கூட வரும். அடியில் வெட்டி, மிச்சக் கட்டையில் துளையிட்டு மரம் கொல்லும் மருந்து ஊற்றி, வேர் செத்தபிறகு அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரை எடுத்துச் சுண்ணாம்பில் திரும்பக் கட்டவேண்டும்.

ஜல்லிக்காரை உளுத்திருந்தால் புதிது. 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் சேர்க்கக் கூடாது. ஜல்லியை முதல்நாளே நனைத்து வையுங்கள். அடித்து முடித்தபின் 3 அங்குலம் நிற்கவேண்டும், 60க்கு 1 சரிவு. கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, கட்டை மேலே துள்ளுகிற வரை, நாலைந்து நாள் அடிக்கவேண்டும். 10 சதுர மீட்டருக்கு 600 கிராம் கடுக்காய், 200 கிராம் வெல்லம், 40 லிட்டர் தண்ணீர். கடுக்காயை நொறுக்கி 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து வடித்த சாறு. உங்கள் மாடிக்கு ஒன்பது கிலோ கடுக்காயும் மூன்று கிலோ வெல்லமும் போதும். ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். மேலே தட்டோடு இரண்டு வரிசை, மேல் வரிசை கீழ் வரிசையின் மூட்டை மறைக்கும்படி. நீர்வடி குழாய் 4 அங்குலத்தில் குறைந்தது நாலு. இப்போது இருக்கும் இரண்டு, அதிலும் ஒன்று பந்து அடைத்தது, ஐப்பசி அடைமழைக்குப் போதாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். கத்திரி வெயிலில் செய்தால் சுண்ணாம்பு இறுகுவதற்கு முன் காய்ந்து பொருக்காகும்.

கட்டைகளுக்கு வருகிறேன். பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர விதி கேட்கும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. வகுப்பறைக்கு 300. பள்ளித் தாழ்வாரத்துக்கும் மாடிப்படிக்கும் 400. புத்தகம் அடுக்கும் நூலகத்துக்கு 600. வீடு பள்ளியாக மாறும் அன்றே தளத்தின் பொறுப்பு ஒன்றரை மடங்காகிறது, ஒரு செங்கல்லும் கூடாமலே.

உங்கள் அறையில் கட்டை 4க்கு 6 அங்குலம், 18 அங்குல இடைவெளி, 11 அடி நீளம் என்று அளந்திருக்கிறீர்கள். சதுர மீட்டருக்குத் தளத்தின் சொந்தக் கனம் சுமார் 370 கிலோ, வகுப்பின் பாரம் 300, மொத்தம் 670. இதில் கட்டைக்கு வரும் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது மரத்துக்குள் எழும் இழுவிசை, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 11 நியூட்டன். நல்ல தேக்கு 14 வரை தாங்கலாம் என்று வைக்கிறோம். ஆக, முழுக் கட்டை தாங்கும். ஆனால் கரையான் இரு பக்கமும் அடியிலும் அரை அரை அங்குலம் தின்றிருந்தால், அதே பாரத்தில் தகைவு சுமார் 17 ஆகிவிடும். பார்வைக்கு அந்தக் கட்டையும் முழுசாகவே தெரியும், வண்ணம் அடித்திருந்தால் இன்னும் நன்றாக. "ஓர் அறையில் 19 பிள்ளைகள், அரை டன்கூட வராதே" என்று யாராவது கேட்பார்கள். மழை பெய்தால் நாலு அறைப் பிள்ளைகளும் ஒரே ஜன்னலுக்கு ஓடுவார்கள், மணி அடித்தால் ஒன்றாகக் குதிப்பார்கள். விதி அந்த நிமிஷத்துக்காக எழுதப்பட்டது.

ஒவ்வொரு கட்டையையும் எண் போட்டுச் சோதிக்கவேண்டும். சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீர் என்னும், உளுத்தது பொத்தென்று கேட்கும். சுவருக்குள் நுழையும் ஓர் அடியில் மெல்லிய உளியைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை பிடிக்கும் நிலை. மேல் அறை இரண்டாவது படத்தில், மூன்றாம் கட்டை சுவரைத் தொடும் இடத்தில் கருத்த வளையமும் அதன் கீழே சுவரில் பழுப்பு ஓடையும் தெரிகின்றன. அந்த அறைக்குள் இனி யாரும் போகவேண்டாம். கீழே ஜாக்கி முட்டு கொடுத்த பிறகே தச்சர் ஏறலாம். முட்டுக் கம்பத்தை மேல்தளத்தில் மட்டும் கொடுத்தால் அந்தப் பாரம் கீழ்த்தளக் கட்டைக்கு இறங்கும். நேர் கீழே தரை வரை இன்னொரு முட்டு வேண்டும்.

நுனி மட்டும் போன கட்டையை மொத்தமாக மாற்றவேண்டியதில்லை. கெட்டதை வெட்டி, நல்ல பகுதியில் இரண்டு பக்கமும் இரும்புச் சானல் வைத்து போல்ட் முடுக்கி, சானலைச் சுவரில் உட்கார வைக்கலாம். இடிப்பு மரக் கடையில் பழைய பர்மா தேக்கு கிடைத்தால் மரத்தோடு மரம் ஒட்டுப் போடுவது இன்னும் நல்லது. எதுவானாலும் நுனியைச் சிமெண்டால் இறுக அடைக்காதீர்கள். சுற்றிலும் விரல் நுழையும் இடம் காற்றுக்கு வேண்டும்.

பல கட்டைகள் பக்கம் தேய்ந்திருந்தால், அறையின் நடுவே 18 அடி நீளத்துக்குக் குறுக்காக ஓர் இரும்பு கர்டர் கொடுப்பதுதான் சரியான மருந்து. கட்டையின் தாவு (இரு தாங்கலுக்கு நடுவிலுள்ள நீளம்) பாதியாகும், தகைவு நாலில் ஒன்றாகும்: 17 இருந்த இடத்தில் நாலு சொச்சம். கர்டருக்கு மீட்டருக்கு 1.4 டன் பாரம் வரும். ஐஎஸ்எம்பி 250 (250 மி.மீ. உயரமுள்ள ‘I’ வடிவ இரும்பு உத்திரம்) பலத்துக்குப் போதும், ஆனால் நடுவில் தொய்வது அனுமதி எல்லையைத் தொடும். 300 போடுங்கள், மீட்டருக்கு 44 கிலோ சொச்சம், நாலு ஆட்கள் கப்பி வைத்து ஏற்றிவிடலாம். இரு முனையிலும் சுமார் 4 டன் இறங்கும். அதைச் சுண்ணாம்புச் சுவரில் நேரடியாக வைத்தால் செங்கல் நசுங்கும். 12க்கு 16 அங்குலக் கருங்கல் படுகையின் மேல் வையுங்கள். ஜன்னல், கதவு வளைவுகளுக்கு மேலே அந்த முனை வரக் கூடாது. கர்டரை வைத்துவிட்டால் பாரம் தானாக அதற்கு வந்துவிடாது. ஜாக்கியால் கட்டைகளை நூல் அளவு தூக்கி, இடைவெளியில் தேக்கு ஆப்பு அடித்து, பிறகு ஜாக்கியை இறக்கவேண்டும். இதைச் செய்யாமல் போனால் கர்டர் வெறும் அலங்காரம். துரு பிடிக்காமல் இருக்க ஏற்றுவதற்கு முன்பே துத்தநாக எபாக்சி பிரைமர் அடியுங்கள். சுவருக்குள் போகும் முனைக்கு இரண்டு முறை. இந்தக் கணக்கு உங்கள் கடிதத்து அளவுகளை வைத்துச் செய்தது. கையெழுத்துப் போடப்போகும் கட்டமைப்புப் பொறியாளர் இடத்தில் அளந்து மறுபடி போடவேண்டும்.

இவ்வளவு செய்த பின்னும் மேலே வகுப்பு வேண்டாம் என்கிறேன், காரணம் படிக்கட்டு. உங்கள் மாடிப்படி இரண்டேமுக்கால் அடி அகலம், படி உயரம் ஒன்பது அங்குலம், நடுவில் திருப்பம். பள்ளிக்கு 1.5 மீட்டர் அகலம் வேண்டும், படி உயரம் ஆறு அங்குலத்துக்குள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பள்ளியிலும் குறுகலான படியும் கீற்றுக் கொட்டகையும் இருந்தன. அதற்குப் பிறகு பள்ளிக் கட்டட ஆய்வுக்கு வரும் எந்த அதிகாரியும் முதலில் பார்ப்பது படிக்கட்டைத்தான், பார்க்கவும் வேண்டும். பின்கட்டில் பழைய சுவரைத் தொடாமல், தனி அஸ்திவாரத்தில், 1.5 மீட்டர் அகலத்தில் புதுப் படிக்கட்டு எழும்பினால் மேல்தளத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம். பழைய சுவரோடு சேர்த்துக் கட்டினால் புது அஸ்திவாரம் இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே வெடிக்கும். ஓர் அங்குல இடைவெளி விட்டே கட்டுங்கள்.

உங்களுக்கு மேல்தளம் அவசரமும் இல்லை. குழந்தைக்குப் பத்துச் சதுர அடி வைத்தால் 11க்கு 18 அறையில் 19 பேர், நாலு அறைக்கு 76. கூடத்தில் கணக்குப்படி 39 கொள்ளும். நடைவழி விட்டு 34 வையுங்கள். சரியாக 110. சின்னப் பிள்ளைகள் அத்தனை பேரும் கீழேயே இருப்பார்கள். மூன்று, நாலு, ஐந்து வகுப்புகள் பழைய பள்ளியிலேயே தொடரட்டும். தாழ்வாரத்தை வகுப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெளியேறும் வழி. இரண்டு அறையைச் சேர்த்துப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கலாமா என்று மேஸ்திரி கேட்பார். கட்டைகள் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கூடாது.

முற்றத்தை மூடாதீர்கள். வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் வருகின்றன, சுவர் காய்வதும் அதனால்தான். மழைச் சாரலுக்குத் தாழ்வார ஓரத்தில் சுருட்டும் திரை போதும். தாழ்வார விளிம்பில் ஒன்றரை அடிப் பள்ளம் இருப்பதால், தூண்களுக்கு நடுவே, நாலு அங்குலத்துக்கு மேல் சந்து இல்லாத கம்பி அடைப்பு வேண்டும். மேல் தாழ்வாரத்து மரக் கைப்பிடி இரண்டரை அடிதான். பழையதை எடுக்காமல் அதன் உட்புறம் 1.2 மீட்டருக்குத் தனி அடைப்பு கொடுங்கள். கிணற்றுக்கு, நாலு ஆள் நின்றாலும் தாங்கும் இரும்புச் சட்டம், பூட்டோடு. ரேழிக் கதவு உட்பக்கம் திறக்கிறது, அழகான பழைய கதவு, மாற்றவேண்டாம். பள்ளி நேரத்தில் சுவரோடு கொக்கி மாட்டித் திறந்தே இருக்கட்டும். பின்கட்டில் வெளிப்பக்கம் திறக்கும் ஒரு மீட்டர் அகலக் கதவு இரண்டாம் வழியாக வேண்டும். சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 சரிவு என்றால், இரண்டடி உயர தாழ்வாரத்துக்கு 24 அடிச் சாய்தளம். அதையும் பின்கட்டில் வையுங்கள்.

கழிப்பறையைப் பழைய கட்டடத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம், மேல்தளத்தில் நிச்சயமாக வேண்டாம். பின்புறம் தனிக் கட்டடம். 40 பிள்ளைகளுக்கு ஒரு மலக்கழிப்பறை, மூன்று சிறுநீர்க் கோப்பை என்ற கணக்கில் ஆண், பெண் தனித்தனியாக.

மின்சாரம் முழுக்கப் புதிது. சுவரை வெட்டிக் குழாய் பதிக்காமல் மேலேயே ஓடும் குழாயில் கம்பி இழுங்கள், 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானோடு. ஜன்னல், கதவுகளில் இருக்கும் பழைய பச்சை எனாமலை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். 2017 நவம்பரில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு அமலுக்கு வருவதற்கு முன் அடித்த வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, கழிவைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் உடைக்காமல் நனைத்து முழுசாக இறக்கவேண்டும்.

அனுமதி விஷயத்தில் வரிசை முக்கியம். வீட்டிலிருந்து கல்விப் பயன்பாட்டுக்கு மாற்றத் திட்ட அனுமதி முதலில். கட்டடம் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, கடலிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இருந்தால் முகப்பிலும் உயரத்திலும் கைவைக்கத் தனி ஒப்புதல். வேலை முடிந்ததும் கட்டட உறுதிச் சான்று, மாநகராட்சியின் சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, 1965ஆம் வருஷத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் தரும் உரிமம். உறுதிச் சான்றுக்குக் கட்டை எண் வரிசைப்படி எடுத்த சோதனைக் குறிப்பும், கர்டர் கணக்கும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் கோப்பில் இருக்கட்டும். பூசி மூடியபிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது.

ஜூன் கேள்வி. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் மொட்டைமாடியும் வடிகாலும், கூடவே பழைய சிமெண்டை எடுப்பதும். ஏப்ரல், மே கட்டையும் கர்டரும். ஜூனிலிருந்து ஒரு மழைக்காலம் முழுக்கக் காலியாகவே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் புதுக் கூரையைச் சோதிக்கும். எங்காவது ஒழுகினால் வகுப்பு நடக்காத வீட்டில் திருத்துவது சுலபம். தை பிறந்ததும் பூச்சு, மின்சாரம், கழிப்பறை. அடுத்த வருஷம் ஜூனில் திறக்கலாம். இந்த ஜூனுக்குள் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தால், ஈரச் சுவரின் மேல் பூசப்போகிறார் என்றே அர்த்தம்.

பொங்கலுக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீர்வடி குழாயில் அடைத்திருக்கும் அந்தப் பந்தை எடுத்துவிடுங்கள். மேல் அறை மூன்றாம் கட்டைக்கு நேர் மேலேதான் அந்த வாய் இருக்கிறது.